மொபைல் டவரே இல்லாத பாலைவனத்தில் ஹலோ சொல்வது எப்படி? வண்டியில் ஏறும் எச்.எஃப். ஆன்டெனாவின் கதை

1963 டிசம்பர். ஆஸ்திரேலியாவில் மர்ரீ, பேர்ட்ஸ்வில் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே 517 கிலோமீட்டருக்கு ஒரு மண் சாலை ஓடுகிறது. இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் அந்த வழியில் காரில் கிளம்பியது. அங்கே டிசம்பர் என்றால் உச்சகட்ட வெயில். வழி தவறியது, வண்டி நின்றது, தண்ணீர் தீர்ந்தது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று யாரிடமாவது சொல்ல முடிந்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

இன்றைக்கும் அந்தச் சாலையின் பெரும்பகுதியில் மொபைல் சிக்னல் கிடையாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கானிங் ஸ்டாக் ரூட் இன்னும் மோசம். சுமார் 1,850 கிலோமீட்டர். நடுவில் ஊர் என்று சொல்லிக்கொள்ள அனேகமாக எதுவுமில்லை. சிம்ப்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். இந்த மாதிரி இடங்களுக்குப் போகிற ஃபோர்வீல் டிரைவ் வண்டிகளின் முன்பக்க புல்பாரில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தடித்த கம்பி நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் எச்.எஃப். ரேடியோவின் ஆன்டெனா.

பார்க்க சாதாரணக் கம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதைச் சரியாகப் பொருத்தினால் 2,000 கிலோமீட்டர் தாண்டியும் குரல் போகும். தப்பாகப் பொருத்தினால் பக்கத்து மாவட்டத்துக்குக்கூட கேட்காது.

சாட்டிலைட் போன் இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. சாட்டிலைட் போன் இருக்கிறது, ஸ்டார்லிங்க் இருக்கிறது, புதிய ஐபோன்களில் சாட்டிலைட் வழி அவசரச் செய்தி வசதியும் வந்துவிட்டது. உயிர் ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தினால் போதும் என்கிற 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கனும் கிடைக்கிறது. பாலைவனம் போகிறவர் இதில் ஒன்றாவது வைத்திருக்கத்தான் வேண்டும். எச்.எஃப். மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் அது வீம்பு.

ஆனால் போன் என்பது ஒருவர் ஒருவரிடம் பேசுவது. ரேடியோ என்பது ஒருவர் பேச, அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லோரும் கேட்பது. 'வடக்குப் பக்கம் ஆறு பொங்கி சாலை மூடியாச்சு' என்று ஒரு வண்டி சொன்னால், அந்த வழியாக நாளைக்கு வரப்போகிற பத்து வண்டிகளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். கியர்பாக்ஸில் சத்தம் வருகிறதா? 300 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற ஒரு மெக்கானிக் குறுக்கே வந்து யோசனை சொல்வார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று பில்லும் ஏறாது.

பழக்கமும் ஒரு காரணம். 1928இல் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானமும் டாக்டரும் தயார். டாக்டரைக் கூப்பிடத்தான் வழியில்லை. அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் மாதிரி மிதித்தால் மின்சாரம் தரும் ரேடியோவைச் செய்துகொடுத்தார். 1929 முதல் அது தொலைதூரப் பண்ணை வீடுகளுக்குப் போனது. 1951இல் அதே ரேடியோ வலையமைப்பில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பள்ளிக்கூடமே நடந்தது. அந்த ஊர் மக்களுக்கு எச்.எஃப். என்பது பாட்டி காலத்துத் தோழன்.

இப்போது பயணிகளுக்கென்றே வி.கே.எஸ்-737 என்ற ரேடியோ வலையமைப்பு இயங்குகிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் ஓர் அழைப்புக் குறியீடு கிடைக்கும். தினமும் குறித்த நேரத்தில் தளத்திலிருந்து அழைப்பார்கள். அவரவர் இருக்கும் இடத்தைச் சொல்லலாம்.

வானத்தில் ஒரு கூரை

கான்வாயில் போகும் வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் யு.எச்.எஃப். சி.பி. ரேடியோ வைத்திருப்பார்கள். நேர்கோட்டில் போகிற அலை அது. நடுவில் இரண்டு மணல்மேடு வந்தால் போச்சு. சில கிலோமீட்டரோடு அதன் கதை முடிந்துவிடும்.

எச்.எஃப். என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்த அலைகள் மேலே போய், பூமிக்கு மேல் நூறு முதல் நானூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து மறுபடி தரைக்கு வரும். சாட்டிலைட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். வானமே கூரை, அந்தக் கூரையில் பட்டுத் தெறிக்கிற பந்துதான் குரல்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கூரை சூரியனைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். பகலில் வெயில் ஏற ஏற உயர் அலைவரிசைகள் வேலை செய்யும்; தாழ்ந்தவை அயனி மண்டலத்தின் கீழடுக்கில் உறிஞ்சப்பட்டுவிடும். இரவில் இது தலைகீழ். அதனால்தான் வி.கே.எஸ்-737 போன்ற வலையமைப்புகள் 5,455, 8,022, 11,612 கிலோஹெர்ட்ஸ் என்று பல அலைவரிசைகளை வைத்திருக்கின்றன. சூரியன் ஏறினால் அலைவரிசையை ஏற்று, இறங்கினால் இறக்கு என்பதுதான் இங்கே பால பாடம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உயர் அலைவரிசையில் 2,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு கணீரென்று கேட்கும் குரல், 300 கிலோமீட்டரில் இருப்பவருக்குச் சுத்தமாகக் கேட்காமல் போகலாம். பந்து அவர் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் 'ரேடியோ ரிப்பேர்' என்று நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். தாழ்ந்த அலைவரிசைக்கு மாறினால் சரியாகிவிடும்.

13 மீட்டர் வேண்டும், இருப்பது இரண்டரை

ஆன்டெனாவின் நீளத்தை அலைநீளம்தான் முடிவு செய்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் வரும். 5.455 மெகாஹெர்ட்ஸுக்கு அது 55 மீட்டர். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவுக்கு அதில் கால்வாசி நீளம் வேண்டும், சுமார் 13.7 மீட்டர். நாலு மாடி உயரம். அதை வண்டியில் நட்டுவைத்துக்கொண்டு யாரும் ஓட்ட முடியாது.

ஆகவே இரண்டு, இரண்டரை மீட்டர் கம்பியை வைத்து, குறைகிற நீளத்துக்கு ஈடாக ஒரு கம்பிச்சுருளைச் சேர்க்கிறார்கள். ரேடியோவின் கண்ணுக்கு ஆன்டெனா முழு நீளத்தில் இருப்பது போலத் தெரியும். இங்கேதான் மூன்று வகை பிரிகிறது.

ஒன்று, ஒரு அலைவரிசைக்கு ஒரு கம்பி. விலை குறைவு, கோளாறு வர அதில் எதுவுமில்லை. ஆனால் சேனல் மாற்ற வேண்டுமென்றால் இறங்கிப்போய்க் கம்பியைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். இரண்டாவது, டேப் வைத்த கம்பி. ஃபைபர் கிளாஸ் தண்டில் சுற்றிய கம்பியில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு துளை இருக்கும். ஒரு சிறு ஒயரை அந்தத் துளையில் செருக வேண்டும். பழைய ஆட்கள் இன்றும் இதைத்தான் விரும்புகிறார்கள். மூன்றாவது, ஆட்டோ டியூன். சேனலை மாற்றினால் தடித்த தண்டுக்குள் இருக்கும் மோட்டார் சுருளைத் தானே நகர்த்திச் சரிசெய்துகொள்ளும். அடிலெய்டின் கோடான் நிறுவனம் செய்த வகை அங்கே வண்டிகளில் பரவலாகக் காணப்படும். சௌகரியம்தான். கனம் அதிகம், விலையும் அதிகம், உள்ளே மோட்டார் இருப்பதால் ஒருநாள் மக்கர் பண்ணவும் வாய்ப்புண்டு.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு கசப்பான கணக்கு உண்டு. 2.4 மீட்டர் கம்பியில் 4 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, உண்மையில் அலையாக வெளியேறும் பங்கைக் குறிக்கும் மின்தடை அரை ஓமுக்கும் குறைவு, 0.4 ஓம் பக்கம். சுருள், தரை இணைப்பு, துருப்பிடித்த போல்ட் எல்லாம் சேர்ந்து சாப்பிடும் இழப்பு 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் ரேடியோவிலிருந்து காற்றில் போவது சுமார் 4 வாட். மீதி 96 வாட் சுருளையும் இரும்பையும் சூடாக்கத்தான். அதே கம்பி, அதே இழப்பு, ஆனால் 8 மெகாஹெர்ட்ஸ் என்றால் 14 வாட் வரை போகும்.

நாலு வாட்டா என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் அளவு சக்தியில் கண்டம் தாண்டிப் பேசலாம் என்பதே எச்.எஃபின் மகிமை. ஆனால் அந்த நாலும் ஒன்றாகக் குறைந்தால், இரைச்சலுக்குள் குரல் அமுங்கிவிடும். பொருத்துவதில் காட்டும் அக்கறை முழுக்க அந்த 10 ஓமைக் குறைக்கத்தான்.

எங்கே மாட்டுவது?

மின்னியல் கணக்கில் சிறந்த இடம் கூரை. உயரம் அதிகம், சுற்றிலும் இரும்பு மறைப்பதில்லை. நடைமுறையில் மரக்கிளை தட்டும். பார்க்கிங்கில் நுழைய முடியாது. சில கிலோ கனமுள்ள ஆட்டோ டியூன் ஆன்டெனா குலுங்கிக் குலுங்கி ரூஃப் ரேக்கையே ஆட்டிவிடும்.

அதனால் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது முன்பக்க இரும்பு புல்பார். பலமான இடம், சேஸிஸோடு நேரடியாக போல்ட் போட்டிருக்கும், ஓட்டுநரின் கண்ணெதிரிலேயே இருக்கும். கம்பி ஆட ஆரம்பித்தால் உடனே தெரிந்துவிடும். பின்பக்க ஸ்டெப்னி தாங்கியில் மாட்டுகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தத் தாங்கி கீல் வைத்துத் திறப்பது. கீலில் கிரீஸ் இருக்கும், தூசி இருக்கும். ரேடியோ அலைக்கு அது சரியான இணைப்பே இல்லை. தனியாக ஒரு பட்டை போட்டு சேஸிஸோடு கட்டாமல் விட்டால் பாதி சக்தி அங்கேயே போய்விடும்.

எங்கே வைத்தாலும் சுருள் இருக்கும் பகுதி வண்டியின் உடலை ஒட்டி இருக்கக் கூடாது. பின்கதவை உரசிக்கொண்டு நிற்கும் ஆன்டெனா அலையைவிடக் கதவுக்குத்தான் அதிகம் சக்தி தரும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

ஆன்டெனா என்றால் கம்பி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் கம்பி. மற்ற பாதி வண்டியின் இரும்பு உடம்பு. கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு ஈடாக உடம்பிலும் ஓட வேண்டும். அந்த உடம்பு துண்டு துண்டாக இருந்தால் ஆன்டெனா நொண்டும்.

நவீன வண்டி துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. பானெட் ஒரு கீலில் தொங்குகிறது. புல்பாருக்கு பவுடர் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். கேபினும் பின் டிரேயும் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸாஸ்ட் குழாயும் ரப்பரில்தான் தொங்குகிறது. இவை ஒவ்வொன்றையும் அகலமான பின்னல் செம்புப் பட்டையால் சேஸிஸோடு கட்ட வேண்டும். சாதாரண உருண்டை ஒயர் போதாது. ரேடியோ அலை மேற்பரப்பில் ஓடுவது என்பதால் அகலம் முக்கியம். பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

போல்ட் போடும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று இரும்பு தெரியும் வரை சுரண்ட வேண்டும். புது வண்டி வைத்திருப்பவருக்கு மனசு வராது. சுரண்டத்தான் வேண்டும். நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, மேலே துருத் தடுப்பு கிரீஸ் பூசினால் வேலை முடிந்தது. பல வண்டிகளில் 'ரேடியோ சரியில்லை' என்ற புகார் இந்த ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

அடுத்தது கரன்ட். 100 வாட் ரேடியோ பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் இதற்குத் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரி பக்கமே ஃபியூஸ் வைத்து, தடித்த ஒயர் இழுக்க வேண்டும். ரேடியோ ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார் என்றால், போக வர 10 மீட்டரில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். பேச்சு உடைந்து உடைந்து வரும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.6 வோல்டோடு நிற்கும். ஒயரை ஜன்னல் தூண் வழியாக இழுக்கும்போது அங்கே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இதை மறந்தவர்கள் விபத்தில்தான் தெரிந்துகொள்வார்கள்.

மீட்டர் சொல்லும் பொய்

எல்லாம் பூட்டியாச்சு. சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். ரேடியோ அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதன் அளவு அது. 1.5க்குள் இருந்தால் சந்தோஷம். 2 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலான ரேடியோக்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே சக்தியைக் குறைத்துவிடும்.

ஆனால் இந்த மீட்டரை முழுக்க நம்பக் கூடாது. ஆன்டெனாவே இல்லாமல் 50 ஓம் மின்தடையைச் செருகினாலும் மீட்டர் அழகாக 1 என்று காட்டும்; ஒரு வாட்கூட வெளியே போகாது. இன்னும் விசித்திரம், தரை இணைப்பு மோசமாக இருக்கும் வண்டியில் சில சமயம் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாகவே வரும். இழப்பு கூடியதால் மொத்த மின்தடை 50 ஓமுக்கு அருகில் வந்துவிட்டது, அவ்வளவுதான். பட்டைகளை ஒழுங்காகப் போட்ட பிறகு எண் கொஞ்சம் மோசமானால் பயப்படத் தேவையில்லை, சக்தி காற்றில் போக ஆரம்பித்திருக்கிறது.

உண்மையான பரிசோதனை ஒன்றுதான். நல்ல நேரத்தில், நல்ல அலைவரிசையில், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தைக் கூப்பிட்டு எப்படிக் கேட்கிறது என்று கேட்பது. அதையும் வீட்டு வாசலில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். பாலைவனத்தில் போய் முதல்முறை ஸ்விட்ச் போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

பேசுவது பாதி, கேட்பது பாதி

வண்டி புதிதாக ஆக ஆக இரைச்சல் கூடிக்கொண்டே போகிறது. ஃபியூயல் பம்ப், இன்ஜெக்டர், எல்.இ.டி. லைட் பார், சோலார் ரெகுலேட்டர், இரண்டாவது பேட்டரிக்கான டி.சி. சார்ஜர், கார் ஃபிரிட்ஜ் எல்லாமே எச்.எஃபில் கரகரப்பை ஊற்றுகின்றன. எதிரில் இருப்பவருக்கு இங்கிருந்து போகும் குரல் நன்றாகக் கேட்கும். அவர் சொல்லும் பதில் இங்கே கேட்காது.

திருடனைப் பிடிக்கும் வழி எளிது. இன்ஜினை அணைத்து, எல்லாவற்றையும் நிறுத்தி, வெறும் ரேடியோவை மட்டும் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும்: சாவி மட்டும், இன்ஜின், விளக்கு, சார்ஜர், ஃபிரிட்ஜ். எதைப் போடும்போது இரைச்சல் எகிறுகிறதோ அதன் ஒயர்களில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். அதிலும் அடங்காவிட்டால் பேசும் நேரத்துக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம். ஃபிரிட்ஜ் பத்து நிமிடம் நின்றால் பால் கெட்டுவிடாது.

வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவதே எல்லா விதத்திலும் நல்லது. நெளிநெளியான மண் சாலையில் நாள் முழுக்க அதிர்ந்தால் எந்த பிராக்கெட்டும் விரிசல் விடும். அதனால் அனுபவசாலிகள் ஓடும்போது கம்பியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, முகாம் போட்ட பிறகு மாட்டுகிறார்கள்.

முகாமில் இன்னொரு தந்திரமும் உண்டு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர் நீளத்துக்கு ஒயர் எடுத்து, நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்து, இரண்டு கம்பங்களுக்கு இடையே கட்டினால் டைபோல் ஆன்டெனா ரெடி. 5.455 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 26 மீட்டர். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டினாலும் வண்டிக் கம்பியைப் பல மடங்கு மிஞ்சிவிடும். நேர் மேலே அலையை அனுப்புவதால் 300 கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்கும் கேட்கும். ஆன்டெனா ஒடிந்துபோனால் காப்பாற்றப்போவதும் இந்தச் சுருட்டி வைத்த ஒயர்தான்.

ஒரு எச்சரிக்கை. பேசும்போது கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தம் ஏறும். தொட்டால் தோல் கருகும். குழந்தைகள் வண்டிக்குப் பக்கத்தில் விளையாடினாலோ, யாராவது ஜெர்ரி கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தாலோ மைக் பொத்தானைத் தொடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

இங்கே முடியுமா?

ஸ்பிதி, லடாக் என்று பைக்கிலும் ஜீப்பிலும் கிளம்புகிற நம்மூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி வரும். இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். எச்.எஃப். ரேடியோவுக்கும் உரிமம் கட்டாயம். ஆனால் அது சாமானியரும் வாங்கக்கூடிய உரிமம். தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வரும் தேர்வை எழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். 2004 சுனாமி அன்று போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் ரேடியோ குழு, தொலைபேசிகள் செத்துப்போன அந்தமானிலிருந்து இப்படிப்பட்ட எச்.எஃப். ரேடியோவில்தான் உறவினர்களின் செய்திகளை மெயின்லேண்டுக்கு அனுப்பியது. அவர்கள் அங்கே போனதே உலகம் முழுக்க ஹலோ சொல்லிப் பார்க்கும் பொழுதுபோக்குக்காக.

பேர்ட்ஸ்வில் பக்கம் திரும்பினால், அங்கே தினசரி அழைப்பு ரொம்பச் சாதாரணமாகத்தான் நடக்கும். தளத்தில் இருப்பவர் அழைப்புக் குறியீட்டைச் சொல்வார். வண்டியில் இருப்பவர் எங்கே இருக்கிறார், எத்தனை பேர், நாளைக்கு எங்கே போகிறார், எல்லோரும் நலம் என்று நாலு வரி சொல்வார். தளத்தில் அதை எழுதிக்கொள்வார்கள். பிறகு மைக்கை மாட்டிவிட்டு, கம்பியைக் கழற்றிப் படுக்கைக்கு அடியில் சொருகிவிட்டு, டீ போடப் போய்விடுவார். மறுநாள் அதே நேரத்தில் அந்தக் குறியீட்டுக்குப் பதில் வரவில்லையென்றால், கடைசியாக எழுதிவைத்த அந்த இடத்திலிருந்துதான் விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.